வாக்களித்த மறுநாள்
(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஓலைக் கொட்டகையில், ஒரே ஒரு குண்டு விளக்கின் வெளிச்சத்தில் இரவுப் பள்ளியாகத் தொடங்கியது நம் சங்கம். அன்று பலகையும் சுண்ணக்கட்டியும் சுமந்து வந்தவர்களுள் நானும் ஒருவன். இன்று வெள்ளி விழா மேடையில் பேசும் பேற்றை அளித்த சங்கத்தாருக்கு என் நன்றி உரியது.

"கல்வியும் வாக்குரிமையும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியன். கட்சி அரசியல் பேசுதல் எனக்கு ஆகாது, பேசவும் மாட்டேன். ஆனால் நான் ஒரு வாக்காளன். வாக்குரிமை வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்ட 1989ஆம் ஆண்டில், நவம்பர் மாதம் நடைபெற்ற மக்களவைத் தேர்தலில் முதன்முதலாக விரலில் மை வைத்துக்கொண்டவன். ஆசிரியன் என்ற முறையில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியும் ஆற்றியிருக்கிறேன். அந்த வாக்காளனாக நின்றே இன்று பேச விழைகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். தொழிற்பயிற்சி முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள இரும்பு ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவன். பேச்சு தேர்தல்பக்கம் திரும்பியது. அவன் கூறினான்: "சார், இனி நான் ஓட்டுப் போடுவதாக இல்லை. நாங்கள் நினைத்தவர் ஜெயிப்பதில்லை. ஜெயித்தவராலும் ஒன்றும் நடப்பதில்லை. அந்த நேரத்தில் படுத்துத் தூங்கினால் இரவு ஷிப்டுக்காவது தெம்பு இருக்கும்."

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஏனெனில் அவன் கூறிய சொற்களை நானே ஒருகாலத்தில் என் உள்ளத்துள் கூறிக்கொண்டவன். அந்தக் கதையைத்தான் இன்று உங்கள்முன் வைக்கப்போகிறேன். அதற்கு முன்னர், அந்த வாக்குரிமை நம் கைக்கு வந்த வழியைச் சற்று நினைவுகூர்தல் வேண்டும்.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோது, சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்கு இருந்தது. குடிசையன்றி வேறு சொத்தில்லாத நம் பாட்டன்மார்க்கு வாக்கு ஏது? எம்.சி. ராஜா அவர்களும், இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் அம்மன்றத்துள் புகுந்தது நியமனத்தால்தான். 1932ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு 71 தனித்தொகுதி இடங்களை அளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் அதனை மாற்றி, பொதுத் தொகுதிகளுக்குள் 148 இடங்களை ஒதுக்கியது. இடங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் நம்மவரை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்கு போயிற்று. நமக்கென ஒதுக்கிய இடத்தில் அமரவேண்டியவர் யார் என்பதைப் பிறரும் சேர்ந்து தீர்மானிக்கும் நிலை அன்று தொடங்கியது. இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

வயதுவந்த அனைவருக்கும் வாக்கு என்ற நிலை 1951–52ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் போட்டியிட்ட அண்ணல் அம்பேத்கர் தோற்றார். அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர், அந்த அரசியலமைப்பின்கீழ் நடந்த முதல் தேர்தலிலேயே தோற்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம் பேர். அவர்களுக்கு அன்றிரவு எப்படி இருந்திருக்கும்? 1954ஆம் ஆண்டு பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் தோல்வி. ஆனால் அவர் வாளா இருந்தாரில்லை. முதல் தோல்விக்குப் பின் தேர்தல் வழக்குத் தொடுத்தார். மாநிலங்களவைக்குச் சென்று அங்கே வாதாடினார். 1945இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகமும், பம்பாய் சித்தார்த்தர் கல்லூரியும், ஔரங்காபாத்துக் கல்லூரியும் தேர்தல் முடிவைப் பார்த்துக் கதவடைக்கவில்லை. வாக்குப் பெட்டி கைவிட்ட ஆண்டுகளிலும் வகுப்பறை நடந்துகொண்டிருந்தது.

நிற்க. இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டா. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்வீர்கள்.

2016ஆம் ஆண்டு அக்டோபரில் நடைபெறவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற வழக்கில் சிக்கி நின்றுபோனது. மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில்தான் நம் மாவட்டம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி ஆதித்திராவிடருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. காலனியில் அன்று தீபாவளிபோல் இருந்தது.

இருவர் களத்தில் நின்றனர். ஒருவர் நம் இரவுப் பள்ளியில் எழுத்தறிந்து, பட்டம் பெற்ற இளம்பெண். மற்றவர் காலனியைச் சேர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த உழைப்பாளி. எழுத்து வாசனை குறைவு. ஊர்த்தெருவில் நிலமும் செல்வாக்கும் உடையோர் அவரைத் தேடிப் பிடித்து நிறுத்தினர். வாக்கு மறைபொருள், நான் யாருக்கு வாக்களித்தேன் என்று கூறுதல் முறையன்று. தேர்தல் பணியில் வேறு ஒன்றியத்துக்குச் சென்றதால் அஞ்சல்வழி வாக்களித்தேன் என்பது மட்டும் கூறுவேன். என் உள்ளம் யார்பக்கம் இருந்திருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

2020 ஜனவரி 2ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. இளஞ்சிவப்புச் சீட்டுகளைப் பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். அப்பெண் தோற்றாள். காலனியின் வாக்கு இரண்டாகப் பிரிந்தது. ஊர்த்தெருவின் வாக்கோ ஒரே பக்கம் விழுந்தது. பூனா ஒப்பந்தத்தின் பாடத்தை நான் நூலில் படித்திருந்தேன். அன்று கண்ணால் கண்டேன். வீட்டுக்கு வந்து உணவு கொள்ளாமல் படுத்தேன். இருபது ஆண்டுகள் இரவுப் பள்ளி நடத்தி என்ன கண்டோம் என்று மனம் கசந்தது.

வென்றவர் சொன்ன இடத்தில் கையொப்பமிட்டுக்கொண்டு இரண்டாண்டு இருந்தார். பின்னர் அவர் காலனிக்குக் குடிநீர்க் குழாயும் சிறு பாலமும் கேட்கத் தொடங்கினார். அன்றே அவரை நிறுத்தியவர்கள் கைவிட்டார்கள். நம் மாநிலச் சட்டப்படி ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையொப்பமிடவேண்டும். தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கிறார்கள்; துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பணத்தை ஒருவரே கையாளாதிருக்கச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு இது. ஆனால் உறுப்பினருள் பெரும்பான்மையோர் ஒருபுறமும் தலைவர் மறுபுறமும் இருந்தால், அந்த ஏற்பாடே பூட்டாகிவிடுகிறது. எங்கள் ஊரில் துணைத் தலைவரின் கையொப்பம் நின்றது. பூட்டு விழுந்தது.

2022ஆம் ஆண்டு சித்திரை வெயிலில் காலனியின் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. சரிசெய்யப் பணம் எடுக்க இயலவில்லை. தெருவிளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. தலைவர் ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்வதையே நிறுத்திவிட்டு மீண்டும் கூலி வேலைக்குப் புறப்பட்டார்.

அவையோரே, இப்போது நான் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தச் செய்தி கேட்டபோது எனக்குள் ஓர் அற்ப மகிழ்ச்சி தோன்றியது. "அவர்களை நம்பிப் போனார் அல்லவா, படட்டும்" என்றது மனம். நான் மட்டுமல்லேன். தோற்ற பக்கத்துக்கு வாக்களித்த காலனி வீடுகள் பலவற்றிலும் அதே பேச்சுத்தான். மே முதல் நாள் நடந்த கிராம சபைக்குக் காலனியிலிருந்து எவரும் செல்லவில்லை. நாங்கள் செய்ததற்கு மானம் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

என் கண்ணைத் திறந்தது பள்ளியின் வருகைப் பதிவேடு. ஜூன் மாதம் பள்ளி திறந்தபின், எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் காலனிப் பெண் பிள்ளைகள் முதற் பாடவேளைக்கு வருவதில்லை என்பதைக் கண்டேன். சிலர் வாரத்தில் இரண்டு நாட்கள் வருவதே இல்லை. ஒரு பிள்ளையை அழைத்துக் காரணம் கேட்டேன். "ஜி.என்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தண்ணி எடுத்து வரணும், சார். லாரி விட்டால்தான் ரோட்டைத் தாண்ட முடியும்" என்றாள். கல்கத்தா நெடுஞ்சாலையில் சரக்கு வண்டிகள் ஓடும் வேகம் உங்களுக்குத் தெரியும். இடுப்பில் குடத்தோடு என் மாணவி அச்சாலையைக் கடக்கிறாள். நானோ தோற்றவர் பக்கம் நின்று சினம் காத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதிவேட்டில் இருந்த சிவப்பு மைக் குறிகளுள் ஒரு பங்கு என்னுடையது என்று உணர்ந்தேன்.

உலகில் பெரிய அரசாங்கங்களும் இவ்வாறு முடங்கியதுண்டு. பெல்சியம் நாட்டில் 2010ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் கட்சிகளுக்குள் உடன்பாடு ஏற்படாமல், 541 நாட்கள் புதிய அரசு அமையவில்லை. ஆயினும் அங்கே குழாயில் நீர் வந்தது, பள்ளிகள் நடந்தன. இடைக்கால அமைச்சரவையும் வட்டார ஆட்சிகளும் நகராட்சிகளும் தத்தம் வேலையைச் செய்தன. மேலே ஏற்படும் முடக்கத்தை வசதியுள்ளோர் செய்தித்தாளில் படித்துவிட்டு மறக்கலாம். கீழே, ஊராட்சியில் ஏற்படும் முடக்கம் ஏழையின் குடத்தைக் காலியாக்கிவிடுகிறது. சொந்தக் கிணறு உள்ளவர் பொறுத்திருப்பார். பொதுக் குழாயை நம்பியவர் எத்தனை நாள் பொறுப்பார்?

இன்னொன்றும் எண்ணினேன். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகள் 1996ஆம் ஆண்டு நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் அங்கே தலைவர் நாற்காலி நிலைக்கவில்லை. ஒன்று, வேட்பு மனு தாக்கல் செய்ய எவரும் முன்வராதவாறு செய்தார்கள். அல்லது, பெயருக்கு ஒருவரை நிறுத்தி, வென்றவுடன் பதவி விலகச் செய்தார்கள். அதே 1996இல் ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் துணிந்து நின்று வென்ற முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள், உடன் வந்தோர் சிலரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். 2006 அக்டோபரில்தான் அந்நான்கு ஊராட்சிகளிலும் முறையாகத் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தனர்.

அங்கே நம் நாற்காலியைக் காலியாக வைக்கப் பிறர் பத்தாண்டு பாடுபட்டார்கள். எங்கள் ஊரிலோ, வென்றவர் நமக்குப் பிடித்தவர் அல்லர் என்னும் ஒரே காரணத்தால், அதே வேலைக்கு நாங்களே துணைபோனோம். முடங்கிய நாற்காலியைக் காட்டி, "இவர்களுக்குக் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஊர் பேசும். அந்தப் பேச்சில் வென்றவர், தோற்றவர் என்ற பிரிவு இருக்காது. நம் எல்லோரையும் சேர்த்தே பேசும்.

இவ்வெண்ணத்தோடு ஒரு மாலை, தோற்ற அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்றேன். நான் சொல்லி முடிக்குமுன் அவள் கூறினாள்: "சார், நான் நேற்றே பெரியப்பா வீட்டுக்குப் போய் வந்துவிட்டேன். தீர்மான நோட்டைக் கேட்டிருக்கிறேன்." பெரியப்பா என்றது தன்னைத் தோற்கடித்த தலைவரைத்தான். முப்பதாண்டு ஆசிரியனாக இருந்த நான் அன்று அவளிடம் பாடம் கற்றேன்.

அவள் திண்ணையில் அமர்ந்து தீர்மானப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினாள். எந்தத் தீர்மானம் என்று நிறைவேறியது, எந்தக் காசோலை எத்தனை நாளாகக் கையொப்பமின்றிக் கிடக்கிறது என்பதையெல்லாம் தேதிவாரியாக எழுதினாள். தலைவர் அப்போது சொன்னார்: "அம்மா, இதைப் படிக்க எனக்கு ஓர் ஆள் இல்லாமல் போனதால்தான் இவ்வளவும்." தம்மை நிறுத்தியவர்களைத் தவிர அவருக்குப் படித்துக் காட்ட வேறு ஆள் இல்லை. அந்த இடத்தில் நாம் இல்லாமல் போனோம் என்பதே உண்மை.

அடுத்து கிராம சபை. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 100 பேர் வரவேண்டும். ஆகஸ்டு 15ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் சிலர் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தனர். தாய்மார்கள் காலிக் குடங்களோடு வந்து அமர்ந்தனர். காலனியிலிருந்து மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். மோட்டார் பழுதுக்கும், நிலுவைக் காசோலைகளுக்கும் தீர்மானம் எழுதி, அதனை உரக்கப் படிக்கச் செய்து, அதன்பின்னரே கையொப்பமிட்டனர். ஊர்த்தெருவினர் சிலரும் கையொப்பமிட்டனர் என்பதை நன்றியோடு கூறவேண்டும். அந்தத் தீர்மான நகலோடு, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில், தலைவரும் அப்பெண்ணும் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று மனுக் கொடுத்தனர். விசாரணை நடந்தது. கையொப்ப அதிகாரம் தற்காலிகமாக ஒன்றிய அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பர் இறுதியில் மோட்டார் ஓடியது.

இதனைப் பெருவெற்றியாகக் கூற நான் வரவில்லை. கேட்ட பாலம் இன்றுவரை கட்டப்படவில்லை. 2025 ஜனவரி 5ஆம் நாள் அந்த ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர் பொறுப்பேற்றார். ஐந்து மாதம் குடம் சுமந்த பிள்ளைகளுள் ஒருத்தி காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறினாள். அந்த மதிப்பெண்ணை எவரும் திருப்பித் தர இயலாது. ஆயினும் முதற் பாடவேளைக்கு அவள் வந்து அமர்ந்தாள்.

நம் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கம் ஊராட்சியையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2020ஆம் ஆண்டு சுதந்திர நாளன்று, ஊராட்சித் தலைவர் அமிர்தம் அம்மையார், பள்ளியில் தேசியக்கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. ஐந்து நாள் கழித்து, ஆகஸ்டு 20ஆம் நாள், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். அவர் தமக்கு நேர்ந்ததை வெளியே சொன்னார். பலர் அதனைத் தம் சிக்கலாகக் கருதினர். அவருக்கு வாக்களித்தவர் யார், வாக்களியாதவர் யார் என்று அன்று எவரேனும் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த ஐந்து நாள் ஐந்து ஆண்டாகியிருக்கும்.

எனவே, அன்பர்களே, நம் சங்கத்தின் முன்னே சில வேண்டுகோள்களை வைக்கிறேன். இரவுப் பள்ளியில் தமிழும் கணக்கும் கற்பிக்கும்போதே, ஊராட்சியின் வரவு செலவுத் தாளையும் தீர்மான நோட்டையும் படிக்கக் கற்பிப்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 உள்ளிட்ட கிராம சபை நாட்களை நம் சங்க நாட்காட்டியில் தேர்வு நாட்களைப்போல் குறித்து வைப்போம். நம்மவர் எவர் வென்றாலும், அவர் நம் வாக்கைப் பெற்றவராயினும் பெறாதவராயினும், படித்துக் காட்டவும் எழுதிக் கொடுக்கவும் வென்ற மறுநாளே ஒருவரை அவரருகே அனுப்புவோம். அவர் தவறு செய்தால் கிராம சபையில் எழுந்து கேட்போம். ஆனால் அவர் முடங்குவதைக் கண்டு மகிழமாட்டோம்.

என்னைக் காண வந்த அந்த மாணவனுக்கு இவை அனைத்தையும் கூறினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த கிராம சபை என்றைக்கு, சார்?" என்று மட்டும் கேட்டான். ஓட்டுப் போடுவேன் என்று அவன் உறுதி கூறவில்லை. நானும் கேட்கவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டான். அவன் இன்று இவ்வவையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். எனக்கு அது போதும்.